தொட்டியில் ஊறிய வார்த்தைகள்

ரயிலுக்குக் கொடி காட்டிய கையால் இன்று பேச்சாளர்களுக்கு மணி காட்டக் காத்திருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், இந்த விழாவின் தலைவர் சாமிநாதன் அவர்களே! சாக்பீஸ் தூள் படியாத சட்டையே இல்லாத எங்கள் ஆசிரியர் இருதயராஜ் அவர்களே! தோல் ஊறும் பட்டைத் தண்ணீரை விரலால் தொட்டே பக்குவம் சொல்லும் மேஸ்திரி ஜியாவுல்லா பாய் அவர்களே! ஆம்பூரின் பெயரை அண்டாவிலிருந்து ஊரெங்கும் மணக்க வைக்கும் அப்துல் ஹமீத் பாய் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் தாய்மார்களே! முதுகு வலித்தாலும் முழுக் கூட்டமும் கேட்டுவிட்டுத்தான் எழுவது என்று முடிவு கட்டிய பெரியோர்களே! கையில் ஏறிய பட்டைக் கறை காயும் முன்பே ஓடி வந்து குந்தியிருக்கும் தோல் ஷாப்புத் தோழர்களே! மாதனூரிலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்த உழவர் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும், குடியாத்தத்துக் கைத்தறி லுங்கி வியாபாரி நந்தகோபாலின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். "லுங்கிக்காரனுக்கு இங்க இன்னா வேலை?" என்று கேட்கிறார். கேட்கட்டும், கேள்வி கேட்காத கூட்டம் ஒரு கூட்டமா? ஐயா, சனிக்கிழமை தோறும் இந்த ஆம்பூர்த் தோல் ஷாப்பு வாசலில் லுங்கி விற்க வருபவன் நான். ஒரு நாள் மாலை கடை விரித்த இடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் கூட்டமாக யாரோ 'பேண்டேஜ், பேண்டேஜ்' என்று கத்தினார்கள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து, மடித்து வைத்த லுங்கியைக் கிழித்துக்கொண்டே உள்ளே ஓடினேன். அடிபட்டது யாருக்கும் இல்லை. அது ஆங்கில வகுப்பு. லுங்கி போனது போனதுதான், ஆனால் அன்று உள்ளே போனவன் இன்னும் வெளியே வரவில்லை.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டிலே, செந்தமிழ் செழிக்க வேண்டும் என்று நாடே சீறுகின்ற காலத்திலே, ஆங்கில வகுப்புக்கு ஆண்டு விழாவா என்று சிலர் கேட்கலாம். தமிழ் என் உயிர். அதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? உயிர் உடம்புக்குள் இருக்கிறது, சட்டை உடம்புக்கு மேலே இருக்கிறது. சட்டை மாட்டிக்கொண்டதால் எவனாவது செத்திருக்கிறானா? வாணியம்பாடிக் கடைத்தெருவிலே உருதுவில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசித் தெலுங்கில் கோபித்துக்கொண்டு போகிற மக்களல்லவா நாம்! நான்காவதாக ஒரு மொழி வந்தால் நமக்கென்ன நெஞ்சு வெடித்துவிடுமா?

வெடிக்காது. ஆனால் வேறொன்று நடக்கும். அதுதான் இன்றைய என் பேச்சு.

சொல்லைப் படிப்பது சுலபம். சொல்லின் பொருளைப் படிப்பதும் சுலபம். ஆனால் அந்தச் சொல் சமயத்துக்கு வாயில் வருகிறதா? வீட்டில் வருகிறது, வீதியில் வருகிறது, விழித்திருக்கும்போதெல்லாம் வருகிறது. வேண்டிய இடத்தில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்கிறது! இங்கே எத்தனை பேருக்கு அப்படி நடந்திருக்கிறது, கை தூக்குங்கள் பார்ப்போம். அடடா, இத்தனை கைகளா? தலைவரும் தூக்கியிருக்கிறார். நன்றி ஐயா, உண்மைக்கு நன்றி.

அப்படி ஒரு சொல் வராமல் போனதால் ஒரு வாழ்க்கையே நின்றுபோன கதையைச் சொல்கிறேன். தாய்மார்கள் வரிசையில் மூன்றாவதாக அமர்ந்து, நான் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் பட்டம்மாள். ஆவாரம் பட்டை இடிக்கும் முற்றத்தில் உலக்கை பிடித்த பெண். எட்டாம் வகுப்பு தேறியவள். கணவன் காய்ச்சலில் விழுந்தபோது வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்கார டாக்டர் அம்மா தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசுவார்கள். என்ன சொல்கிறார்கள், பிழைப்பானா, மாட்டானா, ஒன்றும் புரியாது. ஒரு நர்ஸ் மட்டும் குனிந்து, அத்தனையையும் தமிழில் பொறுமையாகச் சொல்வாளாம். கணவன் போய்விட்டான். ஆனால் அந்த நர்ஸ் குனிந்த குனிவு இவள் மனசை விட்டுப் போகவில்லை. 'நான் அந்த நர்ஸ் மாதிரி ஆகணும்' என்று அன்றே தீர்மானித்துவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி உண்டு. சேர வேண்டுமானால் நேர்முகத் தேர்வு, அதுவும் ஆங்கிலத்தில். நம் இருதயராஜ் சார் ராப்பகல் பாராமல் ஆங்கிலச் சொல் சொல்லிக் கொடுத்தார். பக்கம் பக்கமாக எழுதினாள் பட்டம்மாள். எழுதி எழுதி விரல் வீங்கியது. போன வருஷம் கோடையில் வேலூருக்குப் போனாள். மேட்ரன் அம்மையார் கேட்டது ஒரே கேள்வி, 'ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறாய்?' அவ்வளவுதான். ஆசை தெரியும், பதில் தெரியும், பதிலுக்கு வேண்டிய ஒவ்வொரு சொல்லும் தெரியும். ஒன்றுகூட வரவில்லை! நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். போய் வா அம்மா என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுவருஷம் ஒரு முறை வரலாம், அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அது தவறினால் கடைசிவரை உலக்கைதான்.

மறுநாள் மாலை கொட்டகைக்கே வரவில்லை பட்டம்மாள். சார் பதறிப்போய்த் தோல் ஷாப்புக்குள்ளேயே தேடி வந்தார். மூக்கில் கைக்குட்டை! புதுசாக வருபவர்களுக்கு நம் ஷாப்பு முதலில் மூக்கில்தான் வணக்கம் சொல்லும். அங்கே வரிசையாகப் பட்டைத் தொட்டிகள். ஒரு தொட்டியிலிருந்து தோலைத் தூக்கி அடுத்த தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்க முடியாத சார், மேஸ்திரியிடம் கேட்டார்.

"ஏன் பாய், இதைத் தூக்கி அதுல போடறீங்க? எடுத்த எடுப்புல கடைசித் தொட்டியிலயே போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?"

ஜியாவுல்லா பாய் சிரித்தார். "அப்டி போட்டா பேஜாரா பூடும் சார். கடைசித் தொட்டி தண்ணி ரொம்பக் காட்டம். பச்சைத் தோல அதுல போட்டா மேல மட்டும் கப்புனு புடிச்சிக்கும், உள்ள ஏறாது. பாக்க ஜோரா இருக்கும், உள்ள பச்சையா நிக்கும். மொதல்ல கம்மி காட்டம், அப்புறம் கொஞ்சம் ஜாஸ்தி, அப்புறம் இன்னும் ஜாஸ்தி. அப்பத்தான் ஊறும்."

பக்கத்தில் கூடையோடு நின்ற பட்டம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எனக்கும் அதான் சார் ஆச்சு. மேல மட்டும் புடிச்சிது. உள்ள பச்சையா இருந்துச்சு."

கேட்டீர்களா தோழர்களே! தோற்று வந்த பெண், தோல்விக்குக் காரணத்தைத் தோல் தொட்டியிலே கண்டுபிடித்தாள்! சார் அங்கேயே கைக்குட்டையை உதறிவிட்டுத் துள்ளினார். வாங்க, வாங்க, வார்த்தையையும் ஊறப் போடுவோம் என்று கூவினார். அந்த உற்சாகத்தில் ஒரு கால் சுண்ணாம்புக் குழியில் இறங்கிவிட்டது. சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைத்தானே சொல்கிறேன்!

அன்றிலிருந்து புது முறை. புதுச் சொல்லை முதல் தொட்டியின் விளிம்பில் சாக்பீஸால் எழுதுவோம். தோல் அடுத்த தொட்டிக்குப் போகும்போது சொல்லும் கூடவே போகும். ஆனால் சும்மா போகாது. தூக்குகிறவன் அந்தச் சொல்லை வைத்து, தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் சொல் நகரும். திக்கினால்? திரும்ப முதல் தொட்டிக்கு! அழுதாலும் விடமாட்டோம், ஆம்பூர்க்காரன் ஆனாலும் விடமாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. தோல் ஊறியதா என்று பார்க்க என்ன செய்வீர்கள்? ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி நடுவிலே நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? அதையும் எடுத்துக்கொண்டோம். எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நேரத்தில், ஒருவரை நிறுத்தி ஒரு சொல்லைக் கேட்பதற்கு எங்கள் வகுப்பில் பெயர் 'ஓரம் வெட்டுதல்'. குழாயடியில் ஓரம் வெட்டினோம். கல்யாண வீட்டில் ஓரம் வெட்டினோம். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையிடமே 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்றால் என்ன என்று கேட்டவன் நம் கங்காதரன். அதோ கடைசி வரிசையில் சிரிக்கிறான் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் அவனை வெட்டாமல் விட்டது பெரிய காரியம்.

அப்துல் ஹமீத் பாய் கடையிலே என்ன நடந்தது? பிரியாணி வைப்பார். கத்திரிக்காயைக் கரண்டியில் எடுத்து இலைக்கு மேலே நிறுத்துவார். "வார்த்தைய சொல்லு, அப்புறம் கத்திரிக்கா." சொல்லாதவனுக்குக் கரண்டி அப்படியே திரும்பிப் போகும்! ஐயா, பிரியாணியைக் கத்திரிக்காய் இல்லாமல் தின்ற துக்கம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் அனுபவித்தவன். அன்று தவறிய சொல்லை இன்றுவரை நான் மறக்கவில்லை.

பட்டம்மாளின் மாமியார் கங்கம்மாள் அம்மையாரும் இங்கே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் அடுப்படியில் மருமகளை ஓரம் வெட்டியது அவர்கள்தான்! எப்படி அம்மா, உங்களுக்குச் சரி தவறு தெரியும் என்று கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? அவ கூரைய அண்ணாந்து பாத்தான்னா தப்பு. என் மூஞ்சியப் பாத்து சொன்னான்னா ரைட்டு" என்றார்கள். எந்தச் சர்வகலாசாலையில் ஐயா இப்படி ஒரு தேர்வு நடக்கிறது?

இடையிலே ஓர் ஆபத்தும் வந்தது. தொட்டிக்கு எண் இருந்த காலம் போய், அதில் எழுதிய சொல்லே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. 'கரேஜுல தண்ணி கம்மி', 'ஹோப்பைக் கலக்கி விடு' என்று, தைரியத்தையும் நம்பிக்கையையும் தொட்டியில் வைத்து ஷாப்பு முழுக்கத் தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் மேஸ்திரி கங்காதரனிடம் மூன்றாம் தொட்டித் தோலைத் தூக்கச் சொன்னார். "அதாவது கரேஜு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனான் இவன். கரேஜ் நேற்று மூன்றில் இருந்தது. இன்று காலை நான்குக்குப் போய்விட்டது! இவன் நான்காம் தொட்டியைக் காலி செய்துவிட்டான். காலையில்தான் அதில் இறங்கிய, இன்னும் ஊறாத தோலெல்லாம் வெயிலில் கிடந்தது. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு தவறு நடக்க முடியுமா?

ஜியாவுல்லா பாய்க்கு வந்தது கோபம்! ஈரச் சாக்கை எடுத்துத் தொட்டி விளிம்பையெல்லாம் துடைத்தார். "இனிமே இங்க ஒரு எழுத்து இருக்கக் கூடாது! வார்த்தையும் வாணாம், வகுப்பும் வாணாம்!" என்று கத்தினார். நேர்முகத் தேர்வுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "பாய், என் சொல்லெல்லாம் பாதி ஊறிக் கெடக்குது பாய்" என்றாள். பாய் திரும்பி அவளைப் பார்த்து உறுமினார். "எனக்கு பேஷன்ஸ் இல்ல பட்டம்மா, சொல்லிட்டேன்!"

தூக்கிய தோலோடு அத்தனை பேரும் திரும்பினார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. பேஷன்ஸ்! பொறுமை! முந்தின வாரம் முழுக்க இரண்டாம் தொட்டியில் கிடந்த சொல்! வகுப்புக்கு ஒரு நாள்கூட வராத மேஸ்திரிக்கே ஊறிவிட்டது! தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்ததும், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார் பாருங்கள், தொட்டித் தண்ணீரே அலையடித்தது. தூக்கின தோலைத் திரும்பத் தொட்டியில் போட வைத்தார். தொட்டிக்கு எண் எண்ணாகவே இருக்கட்டும், சொல் பலகையில் தொங்கட்டும் என்று சமாதானம் ஆயிற்று. அந்தப் பலகைகளை அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

தலைவர் மணியைத் தொடுகிறார். ஐயா, கொஞ்சம் பேஷன்ஸ்! முக்கியமான இடத்தில் ரயிலை நிறுத்தாதீர்கள்.

சென்ற மாதம் பட்டம்மாள் மறுபடியும் வேலூருக்குப் போனாள். துணைக்குப் பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே பாதி வகுப்பைப் படித்துவிட்ட பெண்மணி. உள்ளே நடந்ததைப் பட்டம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. சரி, சரி, கொஞ்சம் கூட்டியிருக்கலாம். மேடை அல்லவா!

அதே அறை. அதே மேட்ரன் அம்மையார். அதே கேள்வி, 'ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறாய்?' பட்டம்மாள் கூரையைப் பார்க்கவில்லை. அம்மையார் முகத்தைப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், கேளுங்கள். "டாக்டர் ஒரு மொழி பேசுகிறார். நோயாளி ஒரு மொழி பேசுகிறார். பயம் நடுவிலே உட்கார்ந்திருக்கிறது. அந்த நடுவிலே நான் உட்கார விரும்புகிறேன்."

கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! ஆனால் கதை இன்னும் முடியவில்லை. அடுத்த கேள்வி வந்தது. "ஆர் யூ ஸ்க்வீமிஷ்?"

ஸ்க்வீமிஷ்! எந்தத் தொட்டியிலும் ஊறாத சொல். எந்தப் பலகையிலும் ஏறாத சொல். இருதயராஜ் சாரே அன்று மாலை அகராதியைத் தேடிப் போன சொல்! போன வருஷத்துப் பட்டம்மாளாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? நின்றிருப்பாள். இந்த வருஷத்துப் பட்டம்மாள் என்ன செய்தாள்?

"மேடம், திஸ் வேர்ட் ஈஸ் நியூ டு மி. ப்ளீஸ் டெல் மி தி மீனிங்" என்றாள். இந்தச் சொல் எனக்குப் புதிது, பொருள் சொல்லுங்கள் என்று கேட்டாள்! தோழர்களே, தெரியாததைத் தெரியாது என்று தலை நிமிர்ந்து சொல்லும் தைரியம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய கல்வி எது? தெரிந்த மாதிரி தலையாட்டியே தேய்ந்து போனவர்கள் எத்தனை பேர் நம்மிலே!

அம்மையார் விளக்கினார்கள். ரத்தம், சீழ், துர்நாற்றம் இதையெல்லாம் கண்டால் அருவருத்து முகம் சுளிக்கிறவர்களை அப்படிச் சொல்வோம் என்றார்கள். பட்டம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா அது! "நோ மேடம். ஐ வொர்க் இன் எ டேனரி. ஐ ஆம் நாட் ஸ்க்வீமிஷ்" என்றாள். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவள் நான், எனக்கு அருவருப்பா என்று கேட்காமல் கேட்டுவிட்டாள். அம்மையாரும், மேசைக்குப் பின்னால் கூட இருந்த மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு கேள்விமேல் கேள்வி. காய்ச்சல், கட்டு, கொதிநீர், சுத்தம் என்று எங்கெங்கோ போய்க் கடைசியில் அம்மையார் சலித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் சில பெண்கள் முதல் நாளே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறார்கள், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றார்கள். அது கேள்விகூட இல்லை, எழுந்திருக்கப் போகும்போது சொன்ன பேச்சு. பட்டம்மாள் வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னாள்.

"தே ஆர் ஸ்க்வீமிஷ், மேடம். ஐ வில் ஹெல்ப் தெம்."

அவர்கள் அருவருப்பில் மயங்குகிறார்கள், நான் அவர்களுக்குக் கை கொடுப்பேன்! கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட்ட சொல். கேட்டாள், கேட்டதைப் பிடித்தாள், பிடித்ததை இன்னொருத்திக்கு உதவியாகத் திருப்பிக் கொடுத்தாள். அம்மையார் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஜூன் முதல் தேதி வந்துவிடு என்றார்களாம்.

வெளியே வேப்பமரத்தடியில் அஜீஸுன்னிசா காத்திருந்தாள். பட்டம்மாள் வந்தாள், வாயை முந்திக்கொண்டு கண்ணீர் வந்தது. "இன்னாடி ஆச்சு? மறுபடியும் பூட்ச்சா? எவ அவ, உன்ன வாணாம்னவ? நான் போய் நாலு வார்த்தை கேக்கறேன்!" என்று கிளம்பிவிட்டாள் அஜீஸுன்னிசா. அவளைப் பிடித்து இழுத்து நிறுத்திக் கட்டிக்கொண்டு, "கெடச்சிடுச்சு அக்கா, கெடச்சிடுச்சு" என்று பட்டம்மாள் சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் பாதிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

பஸ் ஏறினார்கள். உட்கார்ந்ததும் அஜீஸுன்னிசா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அது இன்னா வார்த்தை? எனக்கும் குடு." கொடுத்தாள். முன் சீட்டுக்காரி திரும்பினாள், அவளுக்கும் கொடுத்தாள். பள்ளிகொண்டாவில் ஏறிய கீரைக்காரிக்குக் கிடைத்தது. மாதனூரில் ஏறிய உழவருக்குக் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட்டோடு அதையும் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாராம்! வேலூரில் ஒருத்தியின் வாயில் ஏறிய சொல், ஆம்பூரில் இறங்கும்போது பஸ் நிறைய இருந்தது.

என் இனிய மக்களே! சொல்லைப் பூட்டி வைத்தால் துருப்பிடிக்கும். கொடுத்துப் பாருங்கள், குறையுமா? கொடுத்தவளுக்கும் இருக்கிறது, கொண்டவளுக்கும் இருக்கிறது! தனியாக உட்கார்ந்து எழுதியபோது பட்டம்மாளிடம் தங்காத சொற்கள், தெருவே கூடிக் கேட்டபோது தங்கின. வகுப்புக்கு வாருங்கள் என்று உங்களை அழைக்க வந்தேன். இப்போது அதைக்கூட அழைப்பாகச் சொல்லவில்லை, உரிமையாகச் சொல்கிறேன். உங்களை நம்பித்தான் என் சொற்களெல்லாம் இருக்கின்றன. நீங்கள் கேட்காவிட்டால் அவை எனக்கும் மறந்துவிடும்!

நாளை காலை முதல் பஸ்ஸில் பட்டம்மாள் பயிற்சிக்குப் புறப்படுகிறாள். கங்கம்மாள் அம்மையார் ஊறுகாய் ஜாடி கட்டிவிட்டார்கள். எல்லோரும் ஸ்டாண்டுக்கு வாருங்கள், யாரும் அழக்கூடாது, சிரித்த முகமாக அனுப்புவோம். நான் மட்டும் அழுவேன், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அடுத்து எவருடைய வீட்டு நோயாளியின் கட்டிலருகே அவள் குனிந்து நிற்பாளோ, அவர்களுக்குப் பயம் நடுவிலே உட்காராது என்பது எனக்குத் தெரியும்.

மணியடிக்க ஓங்கிய கையை மனமிரங்கி நிறுத்திய தலைவருக்கு நன்றி. கத்திரிக்காய் தர மறுத்து எனக்குக் கல்வி தந்த பாய்க்கு நன்றி. பலகை அடித்த மேஸ்திரிக்கும், குழியில் கால் விட்ட சாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் குடியாத்தம் நந்தகோபாலின் கோடி நன்றி! போய் வா பட்டம்மா, நல்லபடியா போய் வா! வணக்கம்!